மேல் ராடு பின்னோக்கிச் சுழல்கிறது

நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினை மேட்டுப்பாளையத்திலோ குன்னூரிலோ பக்கவாட்டில் நின்று பார்த்தவர்கள் ஏராளம். படம் எடுத்திருப்பார்கள், பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அந்த இரண்டிலிருந்தும் புறப்படும் ராடுகள் ஒரே திசையில் சுழல்வதில்லை என்பதைக் கண்டவர்கள் அதிலும் குறைவு. கீழ் ராடு வண்டி போகும் திசைக்குச் சுழலும். மேல் ராடு அதற்கு நேர் எதிராக, ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த எஞ்சினைப் பித்தளையில் செய்திருக்கிறார். முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. மோட்டார், ஸ்க்ரூ, கொஞ்சம் வயர் தவிர மற்ற எல்லாம் தகடாகவும் ராடாகவும் வாங்கி அவரே வெட்டி, கடைந்து, அராவி, பற்றவைத்தவை. பெட்டியில் வரும் பாகங்களைப் படம் பார்த்து ஒட்டும் வேலை இல்லை இது. பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த பட்டறைக்காரர் அவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, மாடியில் ஒரு சின்ன லேத்தையும் நகைப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் வில் ரம்பத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எஞ்சினில் மேல் ராடு பின்னோக்கிச் சுழல்கிறது. நான் இத்தனை பக்கம் எழுத அதுவே போதுமான காரணம்.

அந்த எதிர்ச்சுழற்சியின் அருமை புரிய வேண்டுமானால் நிஜ எஞ்சினின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலை செங்குத்தாக எழும்புகிறது. மிகக் கடினமான இடத்தில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஏறக்குறைய ஓரடி ஏற வேண்டும். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. ஒரு பட்டை இல்லை, பக்கம் பக்கமாக இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் இருக்கும்படி தள்ளி வைத்திருப்பார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் ஒரு பட்டையில் பல் விடும்போது மறு பட்டையில் பல் முழுதாகக் கடித்திருக்கும். பிடி எந்த நொடியிலும் அறுந்துபோகாது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான்.

இந்தப் பாதைக்கான எக்ஸ் வகுப்பு எஞ்சின்களை 1914 முதல் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. அங்கிருந்த பொறியாளர்கள் செய்த யோசனை அபாரமானது. கொதிகலனிலிருந்து வரும் அழுத்தம் மிகுந்த நீராவி முதலில் கீழ்ச் சிலிண்டருக்குப் போய், தண்டவாளத்தில் உருளும் எட்டுச் சக்கரங்களையும் சுற்றுகிறது. மலை ஏறும்போது அங்கே வேலை முடிந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு விட்டுவிடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒருமுறை உழைத்த நீராவி விரிந்திருக்கும், அதற்கு இடம் அதிகம் வேண்டும். வேறு எவராக இருந்தாலும் மேல் சிலிண்டரைப் பெரிதாக்கியிருப்பார்கள். மீட்டர் கேஜ் எஞ்சினில் அகலத்துக்கு எங்கே போவது? விண்டர்தூர்க்காரர்கள் சிலிண்டரை ஏறக்குறைய அதே அளவில் விட்டுவிட்டு அதன் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினார்கள். கீழ் பிஸ்டன் ஒருமுறை போய்வரும் நேரத்தில் மேல் பிஸ்டன் இரண்டுமுறை போய்வந்தால் இரண்டு மடங்கு நீராவியை விழுங்கிவிடுமல்லவா? அந்த வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பல்சக்கரத்துக்குக் கொடுக்க நடுவில் ஒரு ஜோடி கியர். கியர் இரண்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டால் எதிரெதிராகத்தான் சுற்றும். மேல் ராடு பின்னோக்கிச் சுழல்வது இதனால்தான். யாரும் அழகுக்காக வைத்ததில்லை. சிக்கனத்துக்காகச் செய்த காரியத்தில் வந்து விழுந்த அழகு.

கல்லாற்றுக்கு முன்னால் சமதளத்தில் ஓடும்போது மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை. கீழ் ராடு மட்டும் போய் வரும், மேல் ராடு சும்மா இருக்கும். பல்பட்டை தொடங்கியதும் அது விழித்துக்கொள்ளும்.

இனி மாடிக்கு வரலாம். நம்மவர் செய்த எஞ்சினை முதலில் வெறும் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். எட்டுச் சக்கரமும் உருள, கீழ் ராடு முன்னும் பின்னும் போய்வர, மேல் ராடு அசையாமல் நின்றது. இந்த எஞ்சினின் மாதிரியைச் செய்பவர்கள் மேல் ராடை ஒட்டி அப்படியே விட்டுவிட்டாலும் கேட்பாரில்லை. சுவர் அலமாரியில் வைக்கத்தானே? நானும் இவர் அப்படித்தான் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பலகையின் பாதியில் பல்பட்டை தொடங்கும் இடம் வந்தது. நிஜப் பாதையில் பல்பட்டையின் நுழைவுத் துண்டைச் சுருள்வில் மேல் வைத்திருப்பார்கள். பல்சக்கரத்தின் பல் சரியான பள்ளத்தில் விழாமல் மேட்டில் வந்து இடித்தால் அந்தத் துண்டு கொஞ்சம் அமுங்கிக் கொடுத்து, பொருந்திய பிறகு எழும்பி நிற்கும். இவருடைய பலகையிலும் அந்தத் துண்டு ஒரு மெல்லிய பட்டை வில்லின் மேல் நிற்கிறது. எஞ்சின் அதன்மேல் ஏறியது. துண்டு இம்மியளவு அமுங்கியது. டிக், டிக் என்று இரண்டு சத்தம். அப்புறம் சத்தம் அடங்கி, அதுவரை சும்மா இருந்த மேல் ராடு கிளம்பிப் பின்னோக்கிச் சுழலத் தொடங்கியது. கீழே ஒரு சுற்று, மேலே இரண்டு.

உள்ளே கிளட்ச் ஏதோ வைத்திருக்கிறார் என்று எண்ணி, "மோட்டாரை எந்த இடத்துலண்ணா மேல்பக்கம் இணைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மேல எங்கீங்க தம்பி மோட்டாரு? பட்டையே சுத்தி உட்டுருமல்லங்க" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். மோட்டார் கீழ்ச் சக்கரங்களை மட்டும் ஓட்டுகிறது. பல்சக்கரம் அதன் அச்சில் எந்த விசையும் இல்லாமல் சும்மா தொங்குகிறது. பல்பட்டைமேல் வந்ததும் வண்டியின் ஓட்டத்தாலேயே பல்சக்கரம் உருள்கிறது, அது கியர் வழியாக மேல் ராடைச் சுற்றுகிறது. நிஜத்தில் பல்சக்கரம் வண்டியை மலைமேல் தள்ளுகிறது. மாடியில் வண்டி பல்சக்கரத்தை உருட்டுகிறது. காரணமும் காரியமும் இடம் மாறிவிட்டன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு அசைவும் அசலில் உள்ளபடியே இருக்கிறது. தானாக நிற்கிறது, தானாகக் கிளம்புகிறது, சரியான திசையில், சரியான வேகத்தில். சுவிட்சும் இல்லை, மின்னணுச் சங்கதியும் இல்லை. விண்டர்தூர்க்காரர்களின் சிக்கனத்துக்குக் கோவைக்காரர் செலுத்திய பதில் மரியாதையாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பல்சக்கரத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். ஆப்ட் முறைப் பட்டையில் பல்லுக்குப் பல் இடைவெளி 120 மில்லிமீட்டர். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்றால் நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. பட்டை இரண்டு என்பதால் பல்சக்கரமும் இரண்டு பித்தளை வட்டுகளை அரைப்பல் தள்ளிச் சேர்த்தது. ஒரே வட்டாகத் தடிமனாக வெட்டிப் பட்டையிலும் பல்லை நேர்நேராக வைத்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும், ஓட்டத்தில் வித்தியாசமும் தெரிந்திருக்காது. எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினால் மட்டுமே தெரியும் இடம் அது. அதைத் திருப்பிப் பார்க்கிறவன் விஷயம் தெரிந்தவனாக இருப்பான், அவனிடம் தலை குனியக்கூடாது என்பது அவர் கணக்கு.

தண்டவாள இடைவெளியிலும் இதே பிடிவாதம். மீட்டர் கேஜ் என்றால் 1000 மில்லிமீட்டர். முப்பத்திரண்டால் வகுத்தால் 31.25. மாதிரி ரயில் உலகத்தில் 32 மில்லிமீட்டர் இடைவெளிக்குத் தண்டவாளம், சக்கரம் எல்லாம் கடையிலேயே கிடைக்கும். முக்கால் மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்? இவர் 31.25 என்றே வைத்து, சக்கரத்தையும் தானே கடைந்து, தண்டவாளத்தையும் தானே போட்டுக்கொண்டார். விளைவு, இந்த எஞ்சின் உலகத்தில் வேறெவர் வீட்டுப் பாதையிலும் ஓடாது.

இந்தக் கிறுக்கு இவரோடு தொடங்கியதில்லை. இங்கிலாந்தில் ஓரடிக்கு நாலு மில்லிமீட்டர் என்ற அளவில் ரயில் செய்கிறவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி அவர்கள் நாட்டு ஸ்டாண்டர்டு கேஜ் பாதை 18.83 வர வேண்டும். இடையில் உள்ள இரண்டே கால் மில்லிமீட்டர் சொச்சம் பொறுக்காமல், 18.83 என்றே தங்களுக்கென ஓர் அளவுகோலை வகுத்துக்கொண்டு தனிக்கூட்டமாகப் பிரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட் என்பவர், கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த அந்நாட்டுக் கிராமங்களை அதே நாலு மில்லிமீட்டர் அளவில் செய்துவைக்கப் புறப்பட்டு, ஆயுளையே அதில் கழித்தார். அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்துக்கு இன்றும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்வது சுலபம். என்னைக் கேட்டால், 31.25 அவசியம்தான். முன்பக்கம் நின்று பார்க்கும்போது எஞ்சினின் உடம்புக்கும் காலுக்கும் உள்ள பொருத்தத்தை அந்த முக்கால் மில்லிமீட்டர் காட்டிக்கொடுக்கிறது. மீட்டர் கேஜ் எஞ்சினுக்கே உரிய ஒரு நிலை உண்டு: குறுகிய காலில் நின்றுகொண்டு உடம்பை இரண்டு பக்கமும் வெளியே தள்ளியிருக்கும். காலை அகட்டி வைத்தால் அந்த நிலை போய்விடும்.

அடுத்தது ரிவெட். எஞ்சினின் இரண்டு பக்கமும் கொதிகலனை ஒட்டி நிற்கும் தண்ணீர்த் தொட்டிகள் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தவை. நிஜத்தில் விரல்நுனி அகலம் இருக்கும் அந்தத் தலைகள் இங்கே பாதிக் கடுகுகூட இல்லை. ஒவ்வொன்றாக ஒட்டுவதில்லை. கால் மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டைப் பின்புறத்திலிருந்து ஊசிமுனை பஞ்ச் கருவியால் மெல்லத் தட்டினால் முன்புறம் ஒரு மொட்டு எழும்பும். எல்லா மொட்டும் ஒரே உயரம் எழும்ப, பஞ்ச் ஒரே உயரத்திலிருந்து விழ வேண்டும். எல்லா இடைவெளியும் ஒன்றாக இருக்க, தகடு ஒரே அளவு நகர வேண்டும். இதற்காக ஒரு பழைய லேத்தின் திருகைக் கழற்றி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தகட்டை நகர்த்தும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். வரிசையின் கடைசியில் ஒரே ஒரு மொட்டு பிசகினாலும் தகடு முழுதும் கழிவுதான். திரும்ப அமுக்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் வேறுமாதிரி விழுந்து, பெயின்ட் அடித்த பிறகும் காட்டிக்கொடுக்கும்.

இந்த வரிசைகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து வரும் வரிசையும் படுத்து வரும் வரிசையும் மூலையில் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிவெட்தான் இருக்கிறது. இப்படி அமைய வேண்டுமானால் இரண்டு வரிசையின் இடைவெளியையும் மூலையிலிருந்து கணக்குப் போட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னொரு இடத்தில், இடப்பக்கத் தொட்டியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு என்று நிஜத்தில் சொல்லத்தக்க பகுதியில், ரிவெட்டே இல்லை, வழவழவென்று இருக்கிறது. விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் அளவெடுத்த எஞ்சினில் அந்த இடத்தில் தகடு அரித்துப்போய் பிற்காலத்தில் யாரோ ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். வெல்டிங் ஓடிய கோடு மயிரிழை அளவுக்கு மேடாகத் தெரிகிறது. ரிவெட் வரிசைகளை எல்லோரும் பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு ரிவெட் இல்லாத அந்தத் துண்டுதான் பிடித்திருக்கிறது. ஒரு எஞ்சின் பிறந்தபோது எப்படி இருந்தது என்பதை வரைபடம் சொல்லிவிடும். அது பட்ட பாடு வரைபடத்தில் இருக்காது.

பற்றவைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. பித்தளை சூட்டை நன்றாகக் கடத்தும். ஒரு பாகத்தைப் பற்றவைக்கப் போனால் பக்கத்தில் முன்பே பற்றவைத்தது இளகி விழுந்துவிடும். அதனால் கொதிகலன், சட்டம் போன்ற பெரிய இணைப்புகளை வெங்காரம் போட்டு வெள்ளிப் பற்றாசில் முதலில் முடித்துவிடுகிறார். அதற்குச் சூடு அறுநூறு டிகிரிக்கு மேல். அடுத்து இருநூறு டிகிரிக்குள் இளகும் ஈயத்தில் நடுத்தர பாகங்கள். கடைசியில் நீர் கொதிக்கும் சூட்டுக்கும் கீழே இளகும் கலவையில் விளக்கு, கைப்பிடி, குழாய் மூடி போன்ற பொடிப் பொருள்கள். பெரியது முதல் சிறியது வரை சூட்டின் படிக்கட்டில் இறங்கிவருகிறது வேலை. இந்த வரிசையைத் தொடங்கும் முன்பே மனத்தில் முழு எஞ்சினும் இருக்க வேண்டும். பாதியில் நினைத்துக்கொண்டு புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு குழாய் சேர்க்க முடியாது.

நிறத்துக்கு வருகிறேன். அவர் செய்திருப்பது நிலக்கரி எரித்த காலத்து எஞ்சின். நிறம் கருப்பு. ஆனால் டப்பாவில் உள்ள கருப்பை அப்படியே அடித்தால் மேஜைமேல் ஓர் இருண்ட ஓட்டை வைத்தது மாதிரி ஆகி, இத்தனை ரிவெட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையில் உள்ள காற்றும் வெளிச்சமும் அதன் கருப்பைக் கொஞ்சம் வெளுக்க வைக்கின்றன. கையெட்டும் தூரத்தில் வைக்கும் மாதிரிக்கு அந்த வெளுப்பைப் பெயின்ட்டிலேயே கலந்துவிட வேண்டும். இவருடைய கருப்பில் சாம்பலும் இருக்கிறது, துளி பழுப்பும் இருக்கிறது. கொதிகலன் பக்கம் ஒரு கருப்பு, புகைப்பெட்டிப் பக்கம் வேறொரு கருப்பு. சூடு அதிகம் பட்ட புகைப்பெட்டி மினுமினுப்பு செத்துக் கிடக்கிறது.

அழுக்கும் யோசித்துப் போட்டதுதான். மாதிரி செய்கிறவர்கள் பலர் அழுக்கைத் தெளித்துவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே அழுக்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இங்கே ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு. தண்ணீர் கொதிகலனுக்குள் போகும் குழாய் மூட்டின் கீழே சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக வழிந்திருக்கிறது. தொட்டியின் மூடியைச் சுற்றித் தண்ணீர் வழிந்து தூசி கழுவிய தடம். ராடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆனால் பிஸ்டன் தண்டில் துளி அழுக்கில்லை, பளபளக்கிறது, ஏனென்றால் அது ஓயாமல் உறைக்குள் போய்வருகிறது. எஞ்சின் ஏறும் படிக்கட்டின் நடுவில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது. கைப்பிடியில் இடுப்பு உயரத்தில் ஒரு விரற்கடை தூரம் வெளுத்திருக்கிறது. ஓட்டுநர் அங்கேதான் பிடித்து ஏறுவார்.

குறை என்று சொல்ல ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டிக்குள் சிவப்பு எல்இடி ஒன்றை வைத்து மினுக்க விட்டிருக்கிறார். நிலக்கரித் தணல் அப்படி மினுக்காது. பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்கிறார். இத்தனை கறாரான மனிதரை முக்கால் மில்லிமீட்டர் வளைக்க முடியவில்லை, இரண்டு வாண்டுகள் வளைத்துவிட்டன. இருந்தாலும் அந்த எல்இடியைக் கழற்றிவிடலாம் என்பதே என் கட்சி.

எஞ்சினுக்குத் துணையாக ஒரு பெட்டி இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது. மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்மாடத்திலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நின்றுகொண்டு வழியைப் பார்ப்பார், எஞ்சினின் ஊதல் கேட்டுத் தன் பெட்டியின் பிரேக்கைப் போடுவார். அந்த மாடத்தின் கம்பி அழி முடிந்திருக்கிறது. பெட்டியின் உடம்பு மரம் என்றாலும் இவர் மரத்தைத் தொடவில்லை. மரத்தின் ரேகை அளவுக்குத் தக்கபடி சுருங்காது. தேக்குச் சீவலை ஒட்டினால் ரேகைகள் முழ அகலத்துக்குத் தெரிந்து, பெட்டி முழுதும் பொம்மையாகிவிடும். நல்ல அட்டையை வெட்டி, ஷெல்லாக் ஊறவைத்துக் கெட்டிப்படுத்திப் பயன்படுத்துகிறார். காய்ந்த பிறகு அராவலாம், துளை போடலாம், மழைக்காலத்திலும் உப்பாது.

ஜன்னலுக்குக் கண்ணாடி. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் வைத்தாலே கணக்குப்படி பதினாறு மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடி ஆகிவிடும். ஓரத்தில் அந்தத் தடிமன் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையங்களில் மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைக்கும் ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு இருக்கிறதே, கவர் ஸ்லிப், அதன் தடிமன் 0.15 மில்லிமீட்டர் வாக்கில். முப்பத்திரண்டால் பெருக்கினால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கிட்ட வருகிறது, சாதாரண ஜன்னல் கண்ணாடியின் தடிமன். வைர முனையால் கீறி உடைக்க வேண்டும், வெட்டும் நான்கில் இரண்டு நொறுங்கும். பொருத்தியதைச் சாய்த்துப் பார்த்தால் மாடி ஜன்னலின் வெளிச்சம் அதில் நெளியாமல் நேராக விழுகிறது. பிளாஸ்டிக்கில் அது வராது.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் பெட்டியின் கூரையை வாழ்க்கையில் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. மாதிரியிலோ நாம் மேலிருந்து குனிந்து பார்ப்பதால் கூரைதான் முதலில் கண்ணில் படும். மற்ற ரயில் மாதிரிகளில் கூரையில் கொஞ்சம் ஏமாற்றலாம். நீலகிரிப் பெட்டியில் முடியாது. 1998இல் வந்த 'உயிரே' படத்தில் ஒரு பாட்டின் ஆட்டம் முழுவதும் இந்த ரயிலின் கூரைமேல்தான், நாடே பார்த்தது. கூரையின் நடுவில் மட்டும் பெயின்ட்டை இலேசாகத் தேய்த்து வைத்திருந்தார். காரணம் கேட்டேன். "ஆடுனவங்க தேச்சதுங்க" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இந்த அளவுகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டுப் படங்களுக்குப் பஞ்சமில்லை. யுனெஸ்கோ 2005இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு எடுத்த படங்களே ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாம் ஒரே கோணம், முன்பக்கம், புகை, பச்சை மலை. எஞ்சினின் அடிப்பக்கம், பின்பக்கம், பல்சக்கரம் இருக்கும் இருட்டு இவற்றை யாரும் படமெடுப்பதில்லை. இவருக்குக் கைகொடுத்தது பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடந்த ஒரு நீலநிற வரைபட நகல். நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சிக்கு மாறிய பணிமனை அது. 2011 முதல் எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் புதிதாகவே செய்யும் அளவுக்கு இந்த இயந்திரத்தை அறிந்த கைகள் அங்கே உண்டு. அந்த ஒரு தாளில் கியர் ஜோடியின் இடைவெளி குறித்திருந்தது. அது கிடைத்திராவிட்டால் மேல் ராடு இன்று சும்மாதான் நின்றிருக்கும்.

அந்தத் தாள் இரண்டு முறை பழைய பேப்பர்காரரின் தராசுவரை போய்த் திரும்பியதாம். உங்கள் வீட்டிலும் தாத்தாவோ அப்பாவோ பொன்மலையிலோ, பெரம்பூரிலோ, குன்னூர் ஷெட்டிலோ வேலை பார்த்திருந்தால் பரணில் ஒரு சுருள் கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கோடும் எண்ணுமாக இருந்தால் மடிக்காமல் படமெடுத்து வையுங்கள், ரயில் வேலை தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். கிலோவுக்குக் கிடைக்கப்போவது சில ரூபாய்தான்.